மஞ்சள் பூசிய ட்ரவுட்

பட்டினப்பாக்கம் பொன்மணி யார் தடுத்தும் கேட்காமல் ஜெயித்தவை இவை. பிறந்த அன்று, இது தேறாது என்று சொன்ன நர்ஸின் குரலை அமுக்குகிற அளவுக்குக் கத்தி உயிரை ஜெயித்தாள். மீன் கடை போட மூன்று பேர் கண் வைத்திருந்த சாலையோர இடத்தை, விடிவதற்குள் பாயை விரித்து அதன்மேல் குறட்டை விட்டு ஜெயித்தாள். குடித்துவிட்டுக் கை ஓங்கிய புருஷனை ஒரு முழு வஞ்சிரத்தால் அடித்து, அன்றோடு அவன் குடியை நிறுத்தினாள். வஞ்சிரத்தைக் கழுவி விற்றும் விட்டாள். சர்க்கரை வியாதி இன்னும் இழுபறியில் இருப்பதால் இந்தக் கணக்கில் சேரவில்லை. கடைசியாக, மலை ஏரி மீன்களில் பாதரசம் எவ்வளவு என்று சொல்லும் ஓர் ஆங்கிலக் கட்டுரையின் அடியில், நன்றி சொல்லும் இடத்தில், தன் பெயரை ஏற்றினாள். கட்டுரையை அவள் படிக்கவில்லை. எழுதியவளைத் தவிர வேறு யாரும் படித்ததாகவும் தகவல் இல்லை.

எழுதியவள் ஹம்சினி. ராஜா அண்ணாமலைபுரத்துப் பெண், கிண்டியில் ஓர் ஆய்வுக்கூடத்தில் முனைவர் பட்டத்துக்குப் படிப்பவள். 2023 ஆகஸ்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, துப்பட்டாவால் மூக்கை மூடிக்கொண்டு பொன்மணியின் கடை முன்னால் வந்து நின்றாள்.

"அக்கா, உங்களுக்கு மீன் வெட்டத் தெரியுமா?"

பொன்மணி கையிலிருந்த சங்கரா மீனைக் கீழே வைத்தாள். தலைக்கு மேலிருந்த பலகையை அண்ணாந்து பார்த்தாள். ‘பொன்மணி’ என்று உமர் ஃபாரூக் பெயின்டர் எழுதி, பக்கத்தில் ஒரு மீனும் வரைந்து கொடுத்த பலகை அது.

"இல்லமா. இங்க பூ கட்டிக்கினு கீறேன்."

ஹம்சினி சிரிக்கவில்லை. "சாப்பிடறதுக்கு இல்லை, ஆராய்ச்சிக்கு. எங்காத்துல மீனே கிடையாது. நான் தண்ணியைப் பத்திப் படிக்கறேன்னுதான் அம்மாகிட்ட சொல்லியிருக்கேன்."

"துன்னாத மீன இன்னாத்துக்கு ஆராயற?"

"பாதரசம் இருக்கான்னு பாக்க. தெர்மாமீட்டர்ல வெள்ளி மாதிரி இருக்குமே, அது."

பொன்மணி குரலைத் தாழ்த்தினாள். "மெதுவா பேசு. வியாபாரம் நடந்துகினு கீது."

"கடல் மீன் இல்லை அக்கா. மலை மேல ஒரு ஏரி." எந்த ஏரி என்று அன்றும் சொல்லவில்லை, இன்றும் எழுத விடவில்லை. "கரி எரிக்கிற புகையில இருக்கற பாதரசம் காத்தோட போய் மழையில எறங்கிடறது. சேத்துல இருக்கற கிருமி அதைப் பொல்லாத விஷமா மாத்திடும். பூச்சி அதைத் திங்கும், பூச்சியைச் சின்ன மீன், சின்னதைப் பெரிசு. பெரிசுகிட்ட போய்ச் சேந்துண்டே இருக்கும்."

"எங்க ஏரியா வட்டிக்காரனாண்ட துட்டு சேர்றா மாதிரி."

"அதேதான். கரையில அந்தப் பெரிய மீனைத்தான் வறுத்து விக்கறா. வயத்துல கொழந்தை இருக்கறவாளும் வாங்கிச் சாப்பிடறா. எவ்வளவு இருக்குன்னு யாருமே பாத்ததில்லை."

வேலை கிடைத்தது. தினக்கூலிதான், ஆனால் போட்டோ போட்ட அடையாள அட்டை உண்டு. அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு பொன்மணி மீன் கடை வரிசை முழுக்க ஒரு நடை போய் வந்தாள். "இனிமே என்னை யாரும் வாடி போடின்னு கூப்புடக் கூடாது" என்று அறிவித்தாள். அவளுடைய அக்கா ரத்னா மட்டும், "சரிடி" என்றாள்.

அக்டோபரில் ஏரியிலிருந்து முதல் மீன் பெட்டிகள் ஆய்வுக்கூடத்துக்கு வந்தன. ஹம்சினி வந்த பஸ் செங்கல்பட்டுக்கு அப்பால் பழுதாகி நின்றுவிட்டது. நான் வருகிற வரைக்கும் எதையும் தொடாதீங்கோ என்று போனில் சொன்னாள். பொன்மணி தொடாமல்தான் உட்கார்ந்திருந்தாள். ஆனால் ஐஸ் கரைந்துகொண்டிருந்தது. கண்ணெதிரே மீன் குடலோடு கிடக்க, கையைக் கட்டிக்கொண்டு உட்காருவது அவள் பிறந்த குடும்பத்தில் யாருக்கும் வராது. பாவம், பஸ்ஸில் களைத்து வருகிற பெண்ணுக்கு ஒரு வேலை குறையட்டும் என்று கத்தியை எடுத்தாள்.

ஹம்சினி வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. செதில் உரசி, குடல் எடுத்து, குழம்புத் துண்டுகளாகப் போட்டு, கல்லுப்பும் மஞ்சளும் தடவி, தலைகளைத் தனிப் பொட்டலமாகக் கட்டி வைத்திருந்தாள். ட்ரவுட் என்று வெள்ளைக்காரன் கொண்டுவந்து விட்ட மலை மீன், மாப்பிள்ளை விருந்துக்குத் தயாராகிவிட்டது. ஹம்சினி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

ஆய்வுக்கூடத்தின் பெரியவர் ஸ்ரீனிவாசராகவன் எட்டிப் பார்த்தார். மீன் வாசனை வந்தாலே இரண்டடி தள்ளி நிற்பவர் அவர்.

"என்னம்மா இது, மீனுக்கு சீமந்தமா? மஞ்சள் பூசி உக்காத்தி வெச்சிருக்கே?"

"கெட்டுப் போவக் கூடாதுன்னு சார்."

"உப்பு, மஞ்சள்ல எல்லாம் என்னென்ன கலந்திருக்குமோ, இனி மீன்ல இருந்தது எது, நீ போட்டது எதுன்னு யார் பிரிக்கறது? ஈரல் எங்கே? அதுதானே முக்கியம்."

"பூனைக்குப் போட்டேன்."

"பேஷ். அப்போ பூனையைத்தான் பரிசோதிக்கணும்."

(அந்தப் பூனைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ரத்னா இரண்டு முறை போய்ப் பார்த்துவிட்டு வந்தாள்.)

ஏரியில் மீன் பிடிக்க அனுமதி இன்னும் ஒரே ஒரு முறைதான். மார்ச்சோடு ஆராய்ச்சிப் பணமும் தீர்ந்துவிடும். அடுத்ததும் கெட்டால் ஹம்சினியின் படிப்பு அதோடு சரி; கரையில் வறுக்கிறவர்கள் வறுத்துக்கொண்டே இருப்பார்கள். இந்த அம்மா இனி வேண்டாம் என்றார் ஸ்ரீனிவாசராகவன்.

"சார், வேற யாரு வெட்டுவா? நான் வெட்டப் போனா அது வழுக்கிண்டு உங்க மேசைக்குத்தான் வரும்" என்றாள் ஹம்சினி.

அந்தக் காட்சியை நினைத்துப் பார்த்தோ என்னவோ, அவர் இறங்கி வந்தார். ஆனால் ஒரு விதி போட்டார். இனி ஒவ்வொரு பையிலும், கட்டின அந்த இடத்திலேயே, மீனைச் சேகரித்தவர் ஒருவர், வெட்டியவர் ஒருவர், இரண்டு கையெழுத்து போட வேண்டும். இல்லாத பை உள்ளே வராது.

பொன்மணி தலையை ஆட்டினாள். அவளுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது என்பதை அங்கே யாரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. எட்டாவது வரை படித்த ரத்னா எத்தனையோ வருஷம் பலகையும் குச்சியுமாகத் துரத்தியிருக்கிறாள். "என் பேரு எனக்குத் தெரியும். அத்த எழுதி வேற பாக்கணுமா?" என்பதுதான் எப்போதும் பதில். இம்முறை லஸ் கடைத்தெருவுக்குப் போய் ஒரு மைப்பெட்டி வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டு மலை ஏறினாள்.

குரங்குக் குல்லாவோடு கரையில் நின்று ஏரியை மேலும் கீழும் பார்த்தாள். "இத்துக்கா இம்மாந் தூரம் வந்தோம்? அலையே இல்ல. பக்கெட்டுல தண்ணி புடிச்சு வெச்சா மாதிரி கீது."

வேலையில் மட்டும் வாயைத் திறக்கவில்லை. மீனுக்கு மீன் புதுக் கையுறை, கத்திக்குக் குளியல், ஈரலுக்குத் தனிப் பை. செதில் ஒன்று கீழே விழுந்தால்கூட ஹம்சினியின் முகத்தைப் பார்த்தாள். முதல் பை கட்டியதும் ஹம்சினி தன் கையெழுத்தைப் போட்டுவிட்டு லேபிளையும் பென்சிலையும் நீட்டினாள். பொன்மணி முந்தானை முடிச்சை அவிழ்த்தாள்.

"இது என்ன அக்கா?"

"கைநாட்டு."

"ஐயோ, வெறும் விரலை மையில வெக்கக் கூடாதே. மை கையில பட்டு, அடுத்த கையுறை மாட்டறச்சே அதுலயும் ஒட்டி மீன்ல பட்டா, மறுபடி மஞ்சள் கதைதான்."

பொன்மணி கையுறை விரலைப் பார்த்தாள். அதை அழுத்தினால் ரேகை விழாது, வடை மாதிரி ஒரு வட்டம்தான் விழும். பெட்டியில் இன்னும் ஏழெட்டு மீன் காத்திருந்தது.

"நானே போட்டுடட்டுமா?" என்றாள் ஹம்சினி.

"ரெண்டும் ஒரே கையின்னா அந்தாளு கண்டுபுடிச்சுடுவாரு. ஒரு தபா உன் பொழப்ப நாந்தான் கெடுத்தேன். போதும். குடு அத்த."

பென்சிலைக் கத்தி மாதிரி பிடித்தாள். கண்ணை மூடினாள். தினமும் தலைக்கு மேல் தொங்கும் பலகை வந்தது. அன்று பெயின்டர் முதலில் மீனை வரைந்துவிட்டுத்தான் மிச்ச இடத்தில் எழுத்தைப் போட்டார். அவளும் அப்படியே, வாலில் தொடங்கி மீனை முடித்து, அதன் மூக்கு முட்டுகிற மாதிரி எழுத்துகளை நிறுத்தினாள். ஒரு எழுத்து கொஞ்சம் சாய்ந்திருந்தது. பலகையிலும் அது சாய்ந்துதான் இருக்கிறது.

எல்லாப் பையிலும் அதே மீன், அதே சாய்வு. கிண்டியில் ஸ்ரீனிவாசராகவன் ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தார். "கையெழுத்துல மீன் எதுக்கு?"

"அது இல்லாம என் பேரு வராது சார்."

அவருடைய விதியில் மீன் வரையக் கூடாது என்று இல்லை. பைகள் உள்ளே போயின. பெரிய ட்ரவுட்களில் பாதரசம் அனுமதித்த அளவுக்கு மேலேயே இருந்தது. கரையில் கர்ப்பிணிகளுக்கு அதை விற்கக் கூடாது என்று பலகை வைத்திருக்கிறார்கள்.

முதல் பையின் லேபிள் இப்போது ரத்னா வீட்டுச் சுவரில், கண்ணாடிச் சட்டத்துக்குள் இருக்கிறது. பொன்மணியின் பெயருக்கு மேலே ஹம்சினி எழுதிய தேதி: 2024 பிப்ரவரி 7, புதன்கிழமை.