உடுப்போடு குளிக்கும் கப்பல்காரர்கள்

கப்பல் படம் என்றால் எனக்கு இன்றைக்கும் தனி ஆசை. டிவியில் ஒரு சண்டைக் கப்பல் வந்துவிட்டால் அடுப்பைச் சிம்மில் வைத்துவிட்டு, கதவோரமாக நின்று பார்ப்பேன். உட்கார்ந்து பார்த்தால், இந்த வயசில் இவங்களுக்குச் சண்டைப் படமா என்று வீட்டில் சிரிப்பார்கள். நின்று பார்த்தால் ஏதோ வேலையாக அந்தப் பக்கம் வந்தது மாதிரி இருக்கும்.

கதாநாயகன் யார் என்றெல்லாம் நான் கவனிப்பதில்லை. தண்ணீர்த் துளியைத்தான் பார்ப்பேன். கப்பல் மேல் அலை அடிக்கும்போது ஒவ்வொரு துளியும் பூசணிக்காய் அளவு தெரிந்தால், அது தொட்டியில் விட்ட பொம்மைக் கப்பல். கப்பலைச் சின்னதாகச் செய்துவிடலாம், துளியைச் சின்னதாகச் செய்ய முடியாது. இப்போது கம்ப்யூட்டரில் துளியையும் சரிபண்ணி விடுகிறார்கள். அதனால் புயலில் ஒருத்தராவது வாந்தி எடுக்கிறாரா என்று பார்ப்பேன். எடுக்கவில்லை என்றால் அந்தப் படத்தை நான் நம்ப மாட்டேன்.

இந்த அறிவெல்லாம் எனக்கு ஏழு வயதில், ஒரே ஒரு மேட்னி ஷோவில் வந்தது. சொன்னவர் என் மாமா, அம்மாவின் கூடப்பிறந்த தம்பி. எனக்காகச் சொல்லவில்லை. அவருக்குக் கல்யாணம் ஆக வேண்டியிருந்தது.

மாமா சரக்குக் கப்பலில் பாய்லர் ரூமில் வேலை செய்தார். வருஷத்துக்கு ஒருமுறை லீவில் காஞ்சிபுரத்துக்கு எங்கள் வீட்டுக்கு வருவார். அதற்குள் இரண்டு இடத்தில் பெண் கேட்டு, இரண்டு இடத்திலும் கைவிரித்துவிட்டார்கள். “தண்ணில போனவன் எப்ப வருவான்னு எங்க பொண்ணு வழியப் பாத்துக்கினு நிக்கணுமா?” என்று முகத்துக்கு நேராகவே கேட்டார்கள். மூன்றாவதாக வாலாஜாபாத்தில் ஒரு பெண். மாமா போய்ப் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருந்தார். லீவோ இன்னும் பன்னிரண்டு நாள்தான் பாக்கி.

பெண்ணின் அப்பா ரைஸ் மில்லில் நெல் அவிக்கிற பாய்லரைப் பார்த்துக்கொள்பவர். அதிகம் பேசமாட்டார். ஓர் அமாவாசையன்று முடிவு சொல்ல வந்தார். அம்மா கொடுத்த காபியைக் குடித்து முடித்து, டம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சொன்னார்: “டவுன்ல கப்பல் சண்டைப் படம் ஓடுதாமே, இங்கிலீஷ் படம். தம்பியும் நானும் பாக்கறோம். அதுல எது நெசம் எது பொய்னு தம்பி சொல்லட்டும். பாத்துட்டு வந்து நான் என் முடிவ சொல்றேன்மா.”

அம்மா மாமாவை அடுப்பங்கரைக்குள் இழுத்துப் போனாள்.

“கப்பலு முழுவாத படந்தானேடா?”

“தெரியலக்கா.”

“முழுவினா இன்னாடா பண்ணுவே?”

“முழுவலன்னு சொல்லிடறேன்.”

குழந்தை கூட இருந்தால் அவர் கோணலாக எதுவும் கேட்கமாட்டார் என்று என்னையும் அனுப்பினாள். அப்பாவும் வந்தார். அப்பா பட்டு நூலுக்குச் சாயம் போடுகிறவர். எத்தனை சோப்புப் போட்டாலும் முழங்கை வரைக்கும் ஊதாவாகவே இருக்கும்.

அமாவாசை தறிக்கு லீவு. தறிக்காரர்கள் நிறைந்த எங்கள் பிள்ளையார்பாளையமே கொட்டகைக்குக் கிளம்பி வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தது. நான் மாமா மடியில். ஒரு பக்கம் பெண்ணின் அப்பா, மறுபக்கம் என் அப்பா. படம் ஆரம்பித்ததும் ஒரு வெள்ளைக்கார கேப்டன் மேல்தட்டில் நின்று எல்லோரையும் பார்த்து ஏதோ உரக்கச் சொன்னார்.

“இன்னா தம்பி சொல்றான்?”

“எல்லாரும் சாப்டாச்சான்னு கேக்குறாருங்க.”

“நல்ல மனுசன்பா” என்றது பின் பெஞ்சு.

மாமாவுக்கு இங்கிலீஷ் தெரியும் என்று அந்த ஒரு வார்த்தையில் கொட்டகைக்கே தெரிந்துபோயிற்று. பின்னாலிருந்தவர்கள் எல்லாம் கழுத்தை நீட்டிக்கொண்டு வந்தார்கள். கேப்டன் மேஜையை ஓங்கிக் குத்தினார். “கொழம்புல உப்பு தூக்கலாம்.” தூரத்தில் இன்னொரு கப்பல் தெரிந்தது. “அதுவும் இவங்க கம்பெனிதாங்க. வழி வுடச் சொல்றாரு.” பீரங்கி வெடித்தது. “வழி வுட்டதுக்கு மரியாதைங்க.” ஆட்கள் திபுதிபுவென்று ஓடிவந்து கடலில் குதித்தார்கள்.

“இது?” என்றார் பெண்ணின் அப்பா.

“குளிக்கப் போறாங்க.”

“உடுப்போடவா?”

“கப்பல்ல சட்டம் அப்படிங்க. துணியும் தொவச்ச மாதிரி ஆயிடுது.”

பெண்ணின் அப்பா பொடி டப்பியைத் திறந்தார்.

ஆனால் கப்பல் ஒரு பக்கமாகச் சாய்ந்து, பாத்திரம் பண்டமெல்லாம் உருண்டு ஓடியபோது, அதை என்ன சொல்லி மறைப்பது? மாமா பாதையை மாற்றிக்கொண்டார். “சுத்தப் பொய்யிங்க இது. தண்ணித் துளியப் பாருங்க, எம்மாம் பெரிசு! தொட்டில பொம்மய வுட்டு எடுத்துருக்கான். நெசக் கப்பல் சாயவே சாயாது. எலைல தண்ணி ஊத்தி வெச்சாக்கூட சிந்தாது. இம்மாம் ஆட்டத்துக்கு ஒருத்தனாவது வாந்தி எடுத்தானா பாருங்க!”

சாயாத கப்பலில் எதற்கு வாந்தி என்று யாரும் கேட்கவில்லை. ஏனென்றால் மைத்துனனுக்குக் கைகொடுக்கிறேன் என்று அதற்குள் அப்பா வாயைத் திறந்துவிட்டார்.

“அந்தக் கடலே துணிங்க. சாயம் திட்டுத்திட்டா ஏறியிருக்குது பாருங்க.”

கறுப்பு வெள்ளைப் படத்திலும் அப்பாவுக்குச் சாயம் தெரிந்தது. அவ்வளவுதான், கொட்டகை இரண்டாகப் பிரிந்தது.

“துணியாவா இருக்குது? தறித் துணியா, மில்லுத் துணியா?”

“மில்லுத் துணிபா. தறித் துணி இப்படியா தொளதொளன்னு ஆடும்?”

“யோவ், நான் மகாபலிபுரத்துல பாத்துருக்கறன், கடல் இப்படித்தான் இருக்கும்!”

“அப்ப அதுவும் மில்லுத் துணிதான்.”

“கப்பலு முழுவிக்கினு இருக்குது, கொஞ்ச நேரம் கம்முனு இருங்கய்யா!” என்று முன்வரிசையிலிருந்து ஒருத்தர் கெஞ்சினார். திரையில் ஆட்கள் கொத்துக் கொத்தாகச் செத்துக்கொண்டிருந்தார்கள், கொட்டகையோ விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தது. மாமாவும் சிரித்தார். பெண் கிடைத்துவிட்டது என்றே நினைத்திருப்பார்.

அப்போது படம் கப்பலின் அடிவயிற்றுக்குள் இறங்கியது. பாய்லர் ரூம். சுவர் பிளந்து தண்ணீர் வந்தது. குழாய் வெடித்து வெள்ளையாக ஆவி எழும்பி, ஆட்கள் இருக்கும் இடமே தெரியவில்லை. எல்லோரும் இரும்பு ஏணியில் முட்டி மோதி ஏறினார்கள். ஒருத்தர் மட்டும் கீழேயே நின்று ஆவியை அடைக்கிற ஒரு சக்கரத்தைத் திருகிக்கொண்டிருந்தார்.

நான் துளியைப் பார்த்தேன். சின்னதாகத்தான் இருந்தது.

“சொல்லுபா, இன்னா சொல்றான் அவன்?” என்றது பின் பெஞ்சு.

மாமா சொல்லவில்லை. என் கையைப் பிடித்திருந்த பிடி இறுகி, என் கண்ணாடி வளையல் இரண்டு படக் படக்கென்று உடைந்தது. வலித்தது. புது மனிதர் பக்கத்தில் இருக்கும்போது அழக் கூச்சமாக இருந்ததால் உதட்டைக் கடித்துக்கொண்டேன். பெண்ணின் அப்பா திரையைப் பார்க்கவில்லை. மாமாவைப் பார்த்தார். அதற்குப் பிறகு படம் முடியும்வரை அவர் எந்தக் கேள்வியும் கேட்கவில்லை.

வெளியே வந்ததும் அப்பா சைக்கிள் எடுக்க ஸ்டாண்டுக்குப் போனார். பெண்ணின் அப்பா எங்களைச் சோடாக் கடைக்குக் கூட்டிப்போய், எனக்குச் சிவப்புக் கலர் சோடா ஒன்று வாங்கிக் கொடுத்தார். தொண்டையில் சதை வளருது என்று அம்மா கலரை என் கண்ணிலேயே காட்டமாட்டாள். நான் ஒரே மூச்சில் பாதியைக் குடித்துவிட்டேன்.

பெண்ணின் அப்பா வேட்டியை முழங்கால் வரைக்கும் தூக்கினார். கெண்டைக்காலில் உள்ளங்கை அகலத்துக்குத் தோல் சுருங்கிப் பளபளவென்று இருந்தது.

“மில்லுல. ஸ்டீம் பைப்பு வுட்டுப்போச்சு” என்றார்.

மாமா முழுக்கைச் சட்டையின் பொத்தானைக் கழற்றி மேலே சுருட்டினார். அதே பளபளப்பு, மணிக்கட்டிலிருந்து முழங்கைக்கும் மேலே போயிருந்தது. எங்கள் பள்ளிக்கூடத்துப் பையன்கள் அம்மைத் தழும்பைக் காட்டிக் காட்டி யாருடையது பெரிசு என்று சண்டை போடுவார்கள். இவ்வளவு பெரிய ஆட்களும் அதே விளையாட்டா என்று எனக்குச் சிரிப்பு வந்தது. மாமாதான் ஜெயித்தார்.

“எத்தினி பேரு இருந்தீங்க உள்ள?”

“நாலு பேருங்க.”

“ஏறினது?”

மாமா மூன்று விரலைக் காட்டினார். அதைப் பார்த்த சோடாக்காரர் மூன்று பாட்டிலை எடுத்து வரிசையாக வைத்தார்.

யாரும் அதைத் தொடவில்லை. பெண்ணின் அப்பாவே மாமாவின் சட்டைக் கையை மெதுவாக இறக்கி, பொத்தானையும் போட்டுவிட்டார்.

“அக்காவுக்குத் தெரியுமா?”

“தெரியாதுங்க.”

“தெரிய வேணாம்.”

வீட்டுக்கு வந்ததும் அவர் உட்காரக்கூட இல்லை. “நல்ல நாளாப் பாருங்கமா. தம்பி லீவு முடியறதுக்குள்ள வெச்சிக்கலாம்” என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்குக் கிளம்பினார். அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. “என் தம்பி வாயிக்கு அந்தக் கப்பலையே வித்துட்டு வந்துடுவான்” என்று தெருவுக்கே சொன்னாள். அந்தக் கல்யாணம் தன் தம்பி சொன்ன பொய்யால் நடந்தது என்று கடைசிவரைக்கும் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அன்றைக்கு என்னை மட்டும் தனியாக அடுப்பங்கரைக்குக் கூப்பிட்டாள். “வெளிய வந்து அந்தாளு இன்னாடி கேட்டாரு? ஒண்ணு வுடாம சொல்லு.”

நான் வாயை இறுக மூடிக்கொண்டு தலையை ஆட்டினேன். வளையல் எங்கே என்றாள். அதற்கும் தலையை ஆட்டினேன். முதுகில் ஒன்று வைத்தாள். அப்போதும் திறக்கவில்லை. நான் கலர் குடித்ததை அம்மாவிடம் மறைக்க இரண்டு பெரியவர்கள் அவ்வளவு அக்கறையாகப் பேசி வைத்திருக்கும்போது, நான் போய்க் காட்டிக்கொடுப்பேனா? நாக்கில் சிவப்பு போகிற வரைக்கும் வாயைத் திறக்கவேயில்லை.