ஆடாமல் வந்த படம்

என் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். இருபத்திரண்டு வருடமாக ஒரே கம்பெனி, ஒரே நீலச் சட்டை, மூன்று முறை பிடி மாற்றிய ஒரே பை. அவரைத் தெரியாத வாட்ச்மேன் இந்த ஊரில் கிடையாது. யாரிடமும் அதிர்ந்து பேசமாட்டார். இப்படி ஒரு மனுஷன் கிடைக்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்று என் அண்ணி பார்க்கும்போதெல்லாம் சொல்வார். அண்ணிக்கென்ன, பதினேழாவது மாடிக்கும் பதினெட்டாவது மாடிக்கும் நடுவில் தொங்கியது நான்தானே.

ஏழு வருடத்துக்கு முன்னால் கம்பெனி மேனேஜர் தன்னுடைய பழைய கேமராவை இவர் தலையில் கட்டிவிட்டார். அன்றைக்குப் பிடித்தது பைத்தியம். பூ, குருவி, பக்கத்து வீட்டுக் குழந்தை என்று ஊரார் எடுக்கிற எதையும் எடுக்கவில்லை. நகராட்சி வருடத்துக்கு ஒருமுறை ஆற்றங்கரையில் விடும் வாணவேடிக்கை மட்டும்தான். அரை மணி நேரக் கூத்து. அதற்கு வருடம் பூராவும் தயாராவார். என்னை ஒரு படம் எடுங்களேன் என்றால் நான் அசைகிறேனாம். வானத்தில் வெடிப்பதெல்லாம் அப்படியே கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறதாக்கும்!

அந்தப் படத்துக்கு ஒரு முறை உண்டு. கேட்டுக் கேட்டு எனக்கே மனப்பாடம். ராக்கெட் கிளம்பும் சத்தம் கேட்டதும் ஷட்டரைத் திறந்துவிட வேண்டும். பத்து, பன்னிரண்டு விநாடி அது திறந்தே இருக்கும். அதற்குள் கேமரா மயிரிழை ஆடினாலும் போச்சு, ஒளிக்கோடெல்லாம் பிசிறு பிசிறாகிவிடும். அதனால் ஒவ்வொரு படத்துக்கும் நேரம், எத்தனை விநாடி, காற்று உண்டா, ஆட்டம் உண்டா என்று அங்கேயே நின்று ஒரு சின்ன நோட்டில் எழுதிக்கொள்வார்.

இடத்துக்குப் பஞ்சமில்லை. ஆற்றுக்கு எதிரே இருக்கும் பதினெட்டு மாடிக் கட்டடத்தின் லிஃப்ட் இவர் பொறுப்பு. மொட்டைமாடியில் மோட்டார் அறை. அதன் கூரைமேல் கேமரா முக்காலியை வைத்தால் ஆறே காலடியில். ஆனால் யாராவது லிஃப்டில் ஏறினால் மோட்டார் உறுமும், அந்த நடுக்கம் கூரை வழியாக முக்காலிக்கு ஏறும். ஐந்து வருடப் படம் அப்படியே பாழ். சொல்லிச் சொல்லி மாய்ந்துபோவார்.

போன வருடம் வேடிக்கை நாளன்று சாயங்காலம் போன் செய்தார். உபரி பேட்டரியைச் சார்ஜரிலேயே விட்டுவிட்டாராம். அடுப்பில் இருந்ததை அப்படியே அணைத்துவிட்டு, இரண்டு பஸ் மாறி, கூட்டத்தில் இடிபட்டுப் போய்ச் சேர்ந்தேன். வாட்ச்மேன் வெளிகேட்டில் நின்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கீழிருந்து போன் செய்து, வந்துவிட்டேன், மேலே வருகிறேன் என்றேன். சரி, சீக்கிரம் வா என்றார்.

பதினேழு தாண்டியதும் ஒரு குலுக்கல். லிஃப்ட் நின்றது. கும்மிருட்டு. போனில் சிக்னல் இல்லை, டார்ச் மட்டும் எரிந்தது. அந்த வெளிச்சத்தில் எதிரே ஒட்டியிருந்த பராமரிப்பு அட்டை தெரிந்தது. அவசர விளக்கு: சரி. அபாய மணி: சரி. கீழே என் வீட்டுக்காரர் கையெழுத்து. விளக்கு எரியவில்லை. மணி அடித்தது. என் தலைக்கு மேலேயே, அவர் நிற்கிற இடத்தில், கணீரென்று அடித்தது. விடாமல் அழுத்தினேன். என்னங்க, என்னங்க என்று கத்தினேன். வெளியே வெடிச்சத்தம் மாறி மாறிக் கேட்டது. கொஞ்ச நேரத்தில் மூச்சு முட்டுகிற மாதிரி இருந்தது. செத்துப்போவேன் என்றே நினைத்தேன். விரல் மரத்துப்போய், பேட்டரியைக் கையில் இறுக்கிக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

வேடிக்கை ஓய்ந்த பிறகு விளக்கு வந்தது. லிஃப்ட் ஏறியது. கதவு திறந்தால் எதிரே நிற்கிறார், முகமெல்லாம் சிரிப்பு. என்னைப் பார்த்ததும் சிரிப்பு போய்விட்டது. கடைசிக் கட்டம் ஆரம்பித்துவிட்டதாம், பேட்டரியில் இன்னும் ஒரு கோடு இருந்ததாம், அது போதும் என்று லிஃப்டின் மெயினை அணைத்துவிட்டாராம்.

“நான்தான் வரேன்னு சொன்னேனே?”

“நீ படியில வருவேன்னு நெனச்சேன்.”

பதினெட்டு மாடி!

“மணி அடிச்சேனே, அதுவும் கேக்கலையா?”

“வெடிச் சத்தத்துல ஒண்ணுமே கேக்கலம்மா. சத்தியமா.”

இரண்டு நாள் வாய்க்கு வந்தபடி திட்டினேன். அப்புறம் நம்பினேன். அத்தனை சத்தத்தில் யாருக்குத்தான் கேட்கும்? அன்றிலிருந்து நான் எந்த லிஃப்டிலும் ஏறுவதில்லை. எங்கள் வீடு ஆறாவது மாடி. முட்டி வலிக்க வலிக்கப் படியில்தான் ஏறுகிறேன். காய்கறிப் பையை அவர் லிஃப்டில் கொண்டுவருவார்.

படம் மட்டும் கண்ணாடி மாதிரி வந்திருந்தது. ஒரு துளி ஆட்டமில்லை. கேமரா சங்கத்துப் போட்டிக்கு அனுப்ப வேண்டும், உன் கையெழுத்துதான் நன்றாக இருக்கும் என்று விண்ணப்பத்தையும் அந்த நோட்டையும் என்னிடம் கொடுத்துவிட்டுக் குளிக்கப் போனார். பக்கத்தைத் தேடி எடுத்தேன்.

8.41. பன்னிரண்டு விநாடி. காற்று இல்லை. லிஃப்ட் அபாய மணி அடிக்கிறது. ஆட்டம் இல்லை.

8.43. பத்து விநாடி. இன்னும் அடிக்கிறது. ஆட்டம் இல்லை.

8.46. பதினொரு விநாடி. மணி நின்றுவிட்டது.

மூன்று தடவை படித்தேன். நான் கத்திக்கொண்டிருந்தபோது இந்த மனுஷன் கேமரா ஆடுகிறதா என்று பார்த்து எழுதியிருக்கிறார். குளியலறையில் தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. போட்டிக்குப் போகும் படம் 8.41 படம். விண்ணப்பத்தில் குறிப்பு என்று ஒரு கட்டம் இருந்தது. நோட்டில் இருந்ததை ஓர் எழுத்து மாற்றாமல், அழகாக, குண்டு குண்டாக எழுதினேன். அவர் வழக்கம்போலப் படிக்காமல் கையெழுத்துப் போட்டார்.

முதல் பரிசு கிடைத்தது. மூன்றாவது மாடியில் ஒரு கூடத்தில் படத்தை மாட்டியிருந்தார்கள். விண்ணப்பத்தில் இருந்ததை அப்படியே அச்சடித்துக் கீழே ஒட்டியிருந்தார்கள். அவர் அதைப் பார்க்கவில்லை. கைகுலுக்க வந்தவர்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். நடுவர்களில் ஒரு பெரியவர் குனிந்து படித்துவிட்டு, அதென்ன சார் அபாய மணி என்று கேட்டார்.

இவரும் குனிந்து படித்தார். முகம் வெளுத்துவிட்டது. என்னைப் பார்த்தார்.

“நீங்களே சொல்லுங்க,” என்றேன்.

இப்போதாவது சொல்லிவிடுவார் என்று, வெட்கம்கெட்டுப் போய், நான் காத்திருந்தேன்.

“யாரோ லிஃப்டுல மாட்டிக்கிட்டாங்க சார்,” என்றார். “யாருன்னு தெரியல.”

அவருடைய பரிசுப் பை என் கையில்தான் இருந்தது. அதை அந்தப் படத்துக்குக் கீழே வைத்துவிட்டுப் படிக்கட்டு எந்தப் பக்கம் என்று கேட்டு இறங்கினேன்.