மெதிச்சீனா, சின்யோரா

அந்தக் கந்தகப் பையில் ஆரஞ்சு நிறச் சதுரத்துக்குள் கறுப்பாக ஒரு புள்ளடி இருந்தது. எங்கள் ஊரில் வாக்குச்சீட்டில் புள்ளடி போடுவது பிடித்த வேட்பாளருக்கு. அதனால் நல்ல சாமானாகப் பார்த்துத்தான் வாங்கியிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். தொண்ணூறுகளில் இத்தாலியின் பலெர்மோவுக்கு வந்த புதிதில், அது ஆபத்துக் குறி என்றுகூடத் தெரியாது; என் அறிவு அவ்வளவுதான். ஆனாலும் அல்பெர்கேரியாப் பகுதியில் நாங்கள் சேர்ந்திருந்த அறையில் இத்தாலியன் தெரிந்தவன் என்ற பெயர் எனக்குத்தான்.

சின்யோரா என்று நாங்கள் கூப்பிடும் எசமானியின் வீட்டில் நான் தரை துடைத்தேன். என் அறையில் இருந்த அண்ணை தோட்டம் பார்த்தார். வாசல் ஓக் மரத்தின் இலைகளில் மாத் தூவியதுபோல வெள்ளை நோய். பார்க்க வந்த மர வைத்தியர் கந்தகத்தைக் கரைத்து அடிக்கச் சொன்னார்; அடிப்பவருக்குக் கண்ணாடியும் முகமூடியும் வேண்டும் என்று துண்டிலும் எழுதிக் கொடுத்தார். துண்டை வாங்கிய சின்யோரா, இவருக்கு இது பழக்கமா என்று என்னைக் கேட்டா. யாழ்ப்பாணத்தில் புகையிலைக்கு அடிப்பதும் மருந்து, காய்ச்சலுக்குக் குடிப்பதும் மருந்து. இத்தாலியனில் மெதிச்சீனா என்றால் குடிக்கிற மருந்து மட்டும்தான். நான் பல்லைக் காட்டிக்கொண்டு, "பழக்கம்தான். எங்கள் ஊரில் இது மெதிச்சீனா, சின்யோரா" என்றேன். மருந்தென்றால் முகமூடி எதற்கு என்று அவ துண்டை மடித்து வைத்துவிட்டா. வாசிக்கத் தெரியாதவ அல்ல.

மூன்றாம் நாள் அண்ணையின் கண்கள் மிளகாய்ப்பழம் மாதிரிச் சிவந்திருந்தன. ஏணியில் நின்றபடி என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, மருந்தெண்டால் நாயை ஏன் உள்ளை கொண்டு போறா?"

திரும்பிப் பார்த்தேன். சின்யோரா நாயைத் தூக்கிக்கொண்டு போய் யன்னல்களைச் சாத்திக்கொண்டிருந்தா.

அண்ணை இறங்கி வந்தார். "கேள்."

கேட்டேன். நாய்க்கு நெஞ்சு சின்னது, தாங்காதாம்.

"என்ரை நெஞ்சை எப்ப அளந்து பார்த்தவ எண்டும் கேள்."

அண்ணை சொல்வதற்கெல்லாம் சீனி போட்டுத்தான் நான் இத்தாலியனில் கொடுப்பேன். எங்கள் பெர்மெஸ்ஸோவை, அதுதான் வதிவிட அனுமதியை, புதுப்பிக்க அவவின் கையெழுத்து வேண்டும். அன்று சீனி போடவில்லை. இரண்டு பேருக்கும் அன்றோடு வேலை போயிற்று. அடுத்த கிழமை முகமூடி வாங்கினார்களாம், எங்களுக்குப் பின் வந்தவனுக்கு.

மரம் இப்போதும் செழிப்பாக நிற்கிறது. அண்ணைக்கு வெயிலில் வலக்கண் திறக்க முடியாது. கண் வைத்தியர் சொட்டு மருந்து எழுதித் தந்தால், போத்தலை என்னிடம் நீட்டி, "இது எந்த மருந்தடா, தம்பி?" என்று கேட்பார். எதற்கும் பகிடி விடுகிறவன் நான். அப்போது மட்டும், போத்தலில் உள்ள எழுத்தை ஒன்றும் விடாமல் வாசித்துக் காட்டுகிறேன்.