இரண்டு அங்குலம் பெரிய கதவு

எங்கள் வீட்டுக் குளியலறையின் பழைய மரக்கதவு அடியில் உளுத்துப்போய், போன சித்திரையில் கீலோடு பெயர்ந்து விழுந்தது. புதுக் கதவு வரும்வரை இருக்கட்டும் என்று ஒரு போர்வையைத் தொங்கவிட்டோம். கழிப்பறையும் குளியலறைக்குள்ளேதான். அதற்கு நேர் எதிரே தறிகள். ஒன்றில் என் கணவர், இன்னொன்றில் கூலிக்கு நெய்ய வருகிறவர். இரண்டு ஆண்கள் அங்கே உட்கார்ந்திருக்க, இங்கே மின்விசிறிக் காற்றில் ஆடும் போர்வை.

என் மாமியாருக்கு அது ஆகவில்லை. தறி ஓயும்வரை உள்ளே போகமாட்டேன் என்றார். போகவேண்டி வருமே என்று தண்ணீர் குடிப்பதையே விட்டுவிட்டார். அக்கினி வெயில் வேறு. மோர் கொடுத்தால், "வாணாம்மா, வயிறு கனக்குது" என்பார். கடைசியில் நீர்க்கடுப்பு வந்து டாக்டரிடம் ஓடினோம். "தண்ணி நல்லா குடிக்கணும்மா, இல்லன்னா கிட்னி கெட்டுடும்" என்று அவர் அதட்டினார். அங்கே தலையாட்டிவிட்டு வந்தவர், வீட்டில் சொம்பைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இன்றைக்கே அளவெடுத்துக் கதவுக்குச் சொல்லுங்கள் என்று கணவரை நெருக்கினேன். கடைக்காரரையே வந்து அளக்கச் சொல்லட்டுமா என்றும் கேட்டேன்.

"எதுக்கு? நாள் பூரா அளந்துக்கினே இருக்கறவன் நானு. எனக்கு ஒருத்தன் வந்து அளந்து காட்டணுமா?"

டேப்பைப் பிடித்தார், உதட்டுக்குள் ஏதோ கணக்குப் போட்டார், கடைக்குப் போன் செய்து சொன்னார். "அவ்ளோதான் வேலை. இதுக்குப் போயி உசிர வாங்கினியே" என்று என்னையே கடிந்துகொண்டார்.

கதவு வந்தது. வெள்ளை பிவிசி, பளபளவென்று நன்றாகத்தான் இருந்தது. நிலையில் வைத்தால் நுழையவில்லை. அகலத்திலும் இரண்டு அங்குலம் அதிகம், உயரத்திலும் இரண்டு அங்குலம் அதிகம்.

"நீங்க சொன்ன அளவுதாம்மா" என்றார் மாட்ட வந்த கடை ஆள்.

"ஓரத்துல கொஞ்சம் அறுத்து எடுங்களேன்" என்றேன்.

"உள்ள வெறும் பொள்ளல்மா. அறுத்தா தண்ணி பூந்துடும். வேறதான் போடணும். கோயில்ல கருட சேவைத் திருவிழா முடியட்டும், அதுவரைக்கும் ஆளுங்க சிக்க மாட்டாங்க."

கணவரைத் திரும்பிப் பார்த்தேன். மனிதருக்குக் கண்கூட இமைக்கவில்லை. "நான் சரியாத்தான் அளந்தேன். ரெண்டு அங்குலம் சேத்துச் சொன்னேன். எறக்கினா சுருங்குமில்ல?"

அடக் கடவுளே! தறியில் இழுத்துக் கட்டியிருக்கும் புடவை, அறுத்து இறக்கியதும் கொஞ்சம் குறுகும். அதனால் நெய்கிறவர்கள் கேட்ட அளவுக்கு மேல் சற்றுக் கூட்டியே நெய்வார்கள். சிறு வயதிலிருந்து கையில் ஊறிய வழக்கம். என் மகராசன் அதைக் கதவுக்கும் போட்டுவிட்டார்.

"டேய், சுருங்கறதுக்கு அது இன்னாடா, பொடவையா?" என்றார் மாமியார். கடை ஆள் சிரித்துவிட்டார். மாமியார் சிரிக்கவில்லை. "இன்னும் எத்தினி நாளுடா நான் இப்பிடி இருக்கறது?" என்று கேட்கும்போது குரல் உடைந்தது.

அதற்குமேல் எனக்குப் பொறுக்கவில்லை. "ஆம்பளைங்க எல்லாரும் எழுந்திருங்க. தெருமுனைக்குப் போயி டீ குடிச்சிட்டு மெதுவா வாங்க" என்று கடை ஆளையும் சேர்த்து விரட்டினேன். மாமியாரை உள்ளே போகச் சொன்னேன். நுழையாத அந்தக் கதவை வெளியிலிருந்து நிலைமேல் சாய்த்து, முதுகைக் கொடுத்து நின்றேன். பெரிதாக இருந்ததால் ஓரத்தில் இடுக்குக்கூட விழவில்லை.

"நிதானமா குளிங்க அத்தே. நான் நகரமாட்டேன்."

வெகுநேரம் தண்ணீர் விழுந்துகொண்டே இருந்தது. நடுவில் கணவர் டேப்பும் கையுமாக எட்டிப் பார்த்தார். "செத்த நகந்தின்னா இன்னொரு வாட்டி அளந்துடுவேன்." நான் சொன்ன பதிலை இங்கே எழுத முடியாது.

மாமியார் தலையைத் துவட்டிக்கொண்டே வெளியே வந்தார். முகம் தெளிந்திருந்தது. நான் மருமகளாக வந்த நாளிலிருந்து "எனக்கு இது வேண்டும்" என்று என்னிடம் வாய்விட்டுக் கேட்டதில்லை அவர். என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நாளைக்கும் நிக்கிறியாம்மா?"

"புதுக் கதவு வர்ற வரைக்கும் நிக்கிறேன் அத்தே. மொதல்ல தண்ணியக் குடிங்க" என்றேன், கோபமாகத்தான்.