பச்சையில் விழுந்த சிவப்பு

துணியில் அச்சடிக்கும் அந்தக் கூடத்தில் அவளுக்குப் பேர் கலர் அக்கா. தலை நரைத்த முதலாளிகூட அப்படித்தான் கூப்பிடுவார். கூப்பிட்டு என்ன பிரயோஜனம்? அவள் சாயம் கலக்கும் அறைக்கு ஒரு ஜன்னல் கிடையாது. காற்றுப் பட்டால் சாயப்பசை ஏடு கட்டிவிடுமாம், அதனால் ஃபேனும் கிடையாது. காலையிலிருந்து சாயங்காலம் வரை கதவைச் சாத்திக்கொண்டு டப்பாக்களோடு குடித்தனம். வெளியே மழை என்பது யாராவது நனைந்துகொண்டு உள்ளே வந்தால்தான் தெரியும்.

அவளுடைய தங்கை வேலை பார்த்த மழலைப் பள்ளியில் படம் வரையச் சொல்லித்தர ஆள் தேடினார்கள். ஒரு லீவு நாளில் இவளை அழைத்துப்போய்ப் பிள்ளைகள் முன்னால் நிறுத்திவிட்டாள் தங்கை. மூன்று கிண்ணங்களை வரிசையாக வைத்தாள் கலர் அக்கா.

"செவப்பு, மஞ்சள், நீலம். இந்த மூணையும் எதைக் கலந்தும் செய்ய முடியாது கண்ணுங்களா. ஆனா இந்த மூணை வச்சு மத்ததை எல்லாம் செஞ்சிடலாம். பாக்கறீங்களா?"

மஞ்சளில் நீலம் விழுந்து பச்சை வந்ததும் வகுப்பே கத்தித் தீர்த்தது. சிவப்போடு மஞ்சள் சேர்ந்து ஆரஞ்சு, சிவப்போடு நீலம் சேர்ந்து ஊதா. ஒரு வாண்டுப்பெண் மட்டும் அவள் கையைப் பிடித்து இழுத்தாள்.

"என் மஞ்சளைத் திருப்பிக் குடு."

"கலந்தா கலந்ததுதான் செல்லம். இனிமே பிரிக்க முடியாது."

"திங்கக்கிழமையே வந்துடுங்க" என்றார் தலைமை ஆசிரியை. அந்த வகுப்புக்கு மூன்று பக்கமும் ஜன்னல். வீட்டுக்கு வந்து உட்கார்ந்து அழுதாள் அவள். அவ்வளவு சந்தோஷம்.

ஆனால் சும்மா உதறிவிட்டுப் போக முடியுமா? புருஷன் ஓட்டுவது முதலாளியின் வேன். குடியிருப்பது கூடத்துக்குப் பின்னால் முதலாளி கொடுத்த வீடு. மனஸ்தாபத்தோடு கிளம்பினால் இரண்டு பேரும் தெருவில்தான் நிற்க வேண்டும். நயமாகக் கேட்டும் பார்த்தாள்.

"நீ போனா இந்தக் கூடத்தையே மூடிட வேண்டியதுதான். தங்கமான கை உனக்கு!" என்று பல்லைக் காட்டினார் மனுஷன். தங்கமாம், தங்கம்! கழற்றியா கொடுக்க முடியும்?

அப்போதுதான் அவளுக்கு அந்த எண்ணம் வந்தது. தானாகப் போனால்தானே மனஸ்தாபம்? 'உன் கண்ணு போச்சு, உன்னால இனிமே ஆகாது' என்று அவரே துரத்தட்டும்.

மறுநாள் துணி வாங்கும் கம்பெனி அம்மா இளம்பச்சையில் அச்சடித்த மாதிரித் துணியைப் பார்க்க வருவதாக இருந்தது. பச்சை ஜோராக வந்திருந்தது. அதில் ஏற்கெனவே மஞ்சளும் நீலமும் இருக்கின்றன. சிவப்பும் போய்ச் சேர்ந்தால் மூன்றும் அடித்துக்கொண்டு சேறாகிவிடும். ஒரு சொட்டைக்கூடத் தராசில் நிறுக்காமல் விடாதவள், அன்று கரண்டியால் சிவப்பை அள்ளி, கண்ணை மூடிக்கொண்டு கொட்டினாள். கண்ணைத் திறந்தபோது அந்தப் பச்சை செத்துக் கிடந்தது. இருந்தாலும் பல்லைக் கடித்துக்கொண்டு கிண்டினாள்.

அச்சடித்து வந்த துணியைப் பார்த்து முதலாளிக்கு முகம் கறுத்தது. "என்னக்கா இது, சாணி மாதிரி!"

அவர் வாயை மூடுவதற்குள் கம்பெனி அம்மா வந்துவிட்டார். துணியைப் பிடுங்காத குறையாக வாங்கி வாசல் வெளிச்சத்தில் பிடித்தார்.

"மழை விட்டதும் தரையில இலை கெடக்குமே, அதே நிறம்! இதைத்தாங்க நான் எங்கெங்கயோ தேடிட்டு இருந்தேன். ஆர்டர் முழுசும் இதுலயே போடுங்க."

"எல்லாம் நம்ம கலர் அக்கா யோசனைங்க!" என்றார் முதலாளி, கொஞ்சமும் கூச்சமில்லாமல்.

அந்த அம்மா போனதும் கலவையின் அளவைக் கேட்டார்.

"தெரியாதுங்க. நிறுக்காம கொட்டிட்டேன்."

"அதனால என்ன? இதே நிறம் வர்ற வரைக்கும் கலந்து பாரு. உன்னை விட்டா யாருக்கு வரும்? ஆங், அந்த ஸ்கூல்லேருந்து உன்னைப் பத்தி விசாரிச்சு போன் பண்ணாங்க. எங்க அக்கா வரமாட்டாங்கன்னு நானே சொல்லிட்டேன். உனக்கு எதுக்கு அந்தச் சங்கடம்!"

மாதிரித் துணியைச் சுவரில் ஆணியடித்து மாட்டிவிட்டு, காற்று வராமல் கதவைச் சாத்திக்கொண்டு போனார்.

அவள் மஞ்சளை எடுத்தாள். நீலத்தை விட்டாள். பச்சை வந்தது. சிவப்பு டப்பாவைத் திறந்து தராசில் வைத்து, அழுதுகொண்டே சொட்டுச் சொட்டாக நிறுக்க ஆரம்பித்தாள்.