தேவதாரு ஏணி

என் வலது தோளில் அந்தப் பலகையின் கனம் இன்னும் இருக்கிறது. அறுபதுகளில், தாராவியில் ஏணி செய்யும் பட்டறை ஒன்றில் மரம் பொறுக்குவது என் வேலை. கட்டையைத் தோளில் வைத்து நாலு எட்டு நடப்பேன். அழுத்தினால் ஏணிக்கால், அழுத்தாவிட்டால் சரக்குப் பெட்டி. தேக்கிலும் மருதிலும் என் தோள் பிசகியதே இல்லை. அந்தத் திமிர் எனக்கு நிறையவே உண்டு.

அந்த மழைக்காலத்தில் புதுசாக ஒரு தேவதாரு வந்து இறங்கியது. ஒரே தாய்மரத்தில் வெட்டிய போத்துக் கிளைகளை மலைத் தோட்டத்தில் வரிசையாக நட்டு, சீக்கிரம் வளரவிட்ட ரகம். கணு இல்லை, கோணல் இல்லை, மணம் வேறு ஆளை மயக்கியது. நடுவில் மட்டும் கருத்திருந்தது. தோளில் வைத்தேன், கல்லாய் அழுத்தியது. "வைரம் பாஞ்ச கட்டை, காக்கா" என்றேன் முதலாளியிடம். வெட்டுமுகத்தில் வளையங்கள் நெருங்கி நின்றால்தான் உறுதி; இதில் விரல் அகலத்துக்கு விலகி நின்றதைப் பார்க்கத்தான் செய்தேன். தோள் சொன்ன பிறகு கண்ணை யார் கேட்பார்கள்!

அந்தக் கட்டையில் செய்த முதல் ஏணியை அத்தான் வாங்கிப் போனார். அக்காவின் புருஷன்; செம்பூர்ப் பக்கம் கட்டடங்களுக்கு வெள்ளையடிப்பவர். "நம்ம மாப்ள பொறுக்குன மரம், ஆனையே ஏறலாம்" என்று பார்த்தவரிடமெல்லாம் பெருமை பேசினார்.

தை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பட்டறைக்கு வந்தார். "ஏலே மாப்ள, ஏணி பஞ்சு மாரி ஆயிட்டுல்லா! ஒத்தக் கையில தூக்கிட்டு நடக்கேன்" என்று சிரித்தார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் வைரம் என்று நினைத்த அவ்வளவும் தண்ணீர். கருத்த நடுப்பகுதி நீரைக் குடித்து வைத்திருந்திருக்கிறது. காய்ந்ததும் வெறும் கூடுதான் மிச்சம். ஏணியைக் கொண்டுவாருங்கள், மாற்றித் தருகிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். என் தோள் ஏமாந்ததை அவரிடம் எப்படி ஒப்புக்கொள்வது? "நல்ல மரம் அப்படித்தான் அத்தான்" என்றேன். பாவி!

நாலாம் நாள், அத்தான் மேலே நிற்கும்போது ஏணிக்கால் நடுவில் ஒடிந்தது. ஆஸ்பத்திரியில் அக்கா தலைமாட்டில் அழுதுகொண்டிருந்தாள். அத்தான் என்னைப் பார்த்துக்கொண்டே அவளிடம் சொன்னார்: "ஏட்டி, எனக்குக் கால் வழுக்கிட்டு. நான் விழுந்த வேகத்துலதான் ஏணி ஒடிஞ்சுது." மறுநாள் போய்விட்டார்.

அக்காவுக்கு இப்போது பார்வை மங்கிவிட்டது. சுனாபட்டியில் அவள் வீட்டுக்கு நான் போகும்போதெல்லாம் அத்தானின் படம் மாட்டிய பக்கம் திரும்பித் திட்டுவாள். "அந்த மனுசனுக்கு எதுலயும் அவசரம். பாத்துக் கால வச்சிருந்தா எம்பிள்ளைக அப்பன் இல்லாம நின்னுருக்குமாலே?"

நான் தலை குனிந்தபடி, அவள் போட்டுத் தந்த காப்பியைக் குடித்து முடிக்கிறேன்.