புதன்கிழமைப் பிள்ளை

அயர்லாந்தில் முதியோர் இல்லம் ஒன்றில் வேலை பார்க்கும் என் அக்கா ஒருநாள் போனில் ஒரு சொல் சொன்னாள்: பிஷோக். அவள் கவனித்துக்கொள்ளும் ஒரு வயதான அம்மாள் சொன்னதாம். செய்வினை, கண்ணேறு, பரிகாரம், இதைத் தொட்டால் ஆகாது, அதைத் தாண்டினால் தோஷம், எல்லாவற்றுக்கும் சேர்த்து அந்தக் காலத்தில் அங்கே அதுதான் பெயர். பக்கத்துப் பண்ணைக்காரன் நன்றாக இருக்கக் கூடாது என்றால் அவன் வைக்கோல் போருக்குள் முட்டையை ஒளித்து வைத்துவிட்டு வருவார்களாம்.

நானும் தம்பியும் விழுந்து விழுந்து சிரித்தோம். பர்மாவில், அலோன் பகுதியில் இருக்கும் எங்கள் வீட்டு வாசலில் எலுமிச்சம்பழமும் மிளகாயும் தொங்கிக்கொண்டிருந்தது வேறு விஷயம். அன்றிலிருந்து அம்மா உப்பைக் கையில் எடுத்தாலே தம்பி, "பிஷோக் ஆரம்பிச்சாச்சு" என்பான். அம்மாவும் திட்டிக்கொண்டே அவனை உட்காரவைத்துச் சுற்றிப் போடுவாள்.

அப்புறம் எங்கள் வார்டில் ராணுவத்துக்குக் கட்டாயமாக ஆள் எடுக்கச் சீட்டுக் குலுக்கினார்கள். தம்பியின் பெயர் வந்தது.

அவன் பெயரை நீக்கச் சொல்லிப் பார்க்க வேண்டியவர்களை எல்லாம் பார்த்தோம். யாரைப் பார்த்தாலும் கையை விரித்தார்கள். சிலர் டீ வாங்கிக்கொடுத்துவிட்டுக் கையை விரித்தார்கள், அது இன்னும் எரிச்சலாக இருந்தது. கடைசியில் அம்மா, "சயாவைப் பார்க்கலாம்" என்றாள். புத்தர் கோயிலான பகோடாவின் அடிவாரத்தில் இருக்கும் பர்மிய ஜோசியரைச் சொன்னாள். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் வேண்டாம் என்று சொல்ல என்னிடம் வேறு யோசனை ஏதாவது இருந்திருக்க வேண்டும். இல்லை.

சயா கேட்ட முதல் கேள்வி, தம்பி பிறந்தது எந்தக் கிழமை என்பது. அம்மா புதன் என்றாள். "காலையா, ராகுவா?" என்றார்.

ஷ்வேடகோன் பகோடாவில் ஒவ்வொரு கிழமைக்கும் ஒரு மூலை உண்டு. பிறந்த கிழமைக்குரிய புத்தர் சிலைக்குத் தண்ணீர் ஊற்றி வேண்டிக்கொள்வார்கள். புதனுக்கு மட்டும் இரண்டு இடம். காலையில் பிறந்தவர்களுக்குத் தந்தமுள்ள யானை. மதியத்துக்கு மேல் பிறந்தவர்களுக்குத் தந்தமில்லாத யானை. அதன் பெயர் ராகு. பர்மியர்களுக்கு அது இன்னொரு கிழமை, அவ்வளவுதான். அம்மாவுக்கோ ராகு என்றால் ஆகாத கிரகம். ராகு காலத்தில் கடைக்குக்கூடப் போக மாட்டாள். தம்பி குழந்தையாக இருந்தபோதிலிருந்தே அவனைக் காலைப் புதனின் மூலைக்குத்தான் கூட்டிப்போவாள்.

அன்று அம்மா தம்பியைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு, "தெரியாது சயா" என்றாள். "மயக்க மருந்து குடுத்து அறுத்து எடுத்த பிள்ளை. நான் கண்ணு முழிச்சப்போ லைட்டு போட்டிருந்தாங்க."

இத்தனை வருடங்களில் அவள் இதை எங்களிடம் சொன்னதே இல்லை. பிறப்புச் சான்றிதழில் நேரம் கிடையாது. துறைமுகத்தில் மூட்டை இறக்கிக்கொண்டிருந்த அப்பா வேலை முடிந்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்கு வந்தாராம். அவரும் இப்போது உயிரோடு இல்லை. ராகு வேண்டாம் என்பதற்காக அம்மாவே காலை என்று முடிவு கட்டியிருக்கிறாள்.

வேறு மூலையில் ஊற்றிய தண்ணீர் அவனைச் சேராது என்றார் சயா.

"என் பிள்ளைக்கு ஊத்தினது எல்லாம் வேற யாருக்கோ போயிருச்சே" என்று அம்மா தெருவிலேயே அழுதாள். தம்பிதான் தேற்றினான். "விடும்மா, ரெண்டு யானைக்கும் ஊத்திடுவோம். எது நம்ம யானையோ அது குடிச்சுக்கட்டும்." ஊற்றினோம். அதாவது அவர்கள் இருவரும் ஊற்றினார்கள். நான் செருப்புப் பையைப் பிடித்துக்கொண்டு தள்ளி நின்றேன். சொன்ன தேதியில் வந்து அவனைக் கூட்டிக்கொண்டு போனார்கள்.

இப்போது அம்மா புதன்தோறும் காலையில் ஒரு மூலைக்கும் மதியம் இன்னொரு மூலைக்கும் போகிறாள். தான் மயங்கிக் கிடந்ததுதான் குற்றம் என்கிறாள். சீட்டுக் குலுக்கினது யாரும்மா என்று ஒருநாள் கத்திவிட்டேன். அவள் என்னைப் பார்த்த பார்வையில் புரிந்தது, அந்தக் குற்றத்தை அவளிடமிருந்து பிடுங்கினால் அவளுக்குச் செய்ய ஒன்றுமே இருக்காது. எனக்கு ஏற்கெனவே ஒன்றும் இல்லை. சில நாள் அவள்மேல் பொறாமையாகக்கூட இருக்கிறது.

போன வாரம் முன்பின் தெரியாத எண்ணிலிருந்து தம்பி கூப்பிட்டான். அம்மா பகோடாவுக்குப் போயிருந்தாள். என்னிடம் எப்போதும் பர்மியத்தில் பேசுகிறவன், பக்கத்தில் நிற்பவர்களுக்குப் புரியக் கூடாது என்று தமிழில் பேசினான். சாப்பிட்டாயா என்றேன்.

"அம்மா இன்னும் தண்ணி ஊத்துறாங்களா?"

"ஊத்துறாங்க. ரெண்டு பக்கமும்."

ஏதாவது கேலி செய்வான் என்று காத்திருந்தேன். யாரோ அவனை அதட்டும் சத்தம் கேட்டது.

"நீயும் ஊத்துக்கா" என்றான்.